பகல் வெளிச்சத்தில் காய்ச்சிய ஐம்பது கூடுகள்

இன்று காலை உன் மனைவி ஈஸ்ட் டாமாக்கியில் உள்ள என் டைல்ஸ் கிடங்குக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்தார். "அண்ணை, இது அவற்ற சாமான்களுக்கை கிடந்தது. உங்களுக்குத்தான் விளங்கும்." திறந்ததும் பித்தளை வாடை. உள்ளே, குண்டைப் பிடுங்கிவிட்டு நீ எடுத்துவைத்த வெற்றுத் தோட்டாக் கூடுகள், நாற்பத்தொன்பது. மூடியில் உன் கையெழுத்து: 'கைப்பிழை'.

யாருடைய கை என்று எனக்குத்தான் தெரியும்.

சுட்ட கூடுகளை நீ எறிந்ததில்லை. திரும்ப வெடிமருந்து நிரப்பி, குண்டு பொருத்துவாய். நாலைந்து தடவை சுட்டால் கூட்டின் கழுத்து விறைத்துப் பிளக்கும். காஸ் டார்ச்சில் காய்ச்சி இளக்க வேண்டும். சூடு கொஞ்சம் கூடினாலும் கழுத்து குழைந்து, குண்டைப் பிடிக்கும் பிடியே போய்விடும். அதற்காகத்தான் பட்டப்பகலிலும் உன் வெஸ்ட்கேட் வீட்டுக் கராஜில் ஷட்டரை இறக்கி விளக்கை அணைப்பாய். இருட்டில் லேசாகச் சிவப்புத் தட்டியதும் எடுத்துவிடுவாய். "வெளிச்சத்திலை சிவப்புத் தெரிஞ்சா அது செத்த பித்தளை, ஐசே."

நம் கடைசி மான் வேட்டைக்கு நான் காய்ச்சித் தருகிறேன் என்று வாங்கிப் போனேன். "நீர் வியாபாரி. உமக்கு எல்லாத்திலையும் அவசரம்" என்று சிரித்தாய். "ஐம்பதுதானே மச்சான், கொண்டா" என்றேன். டைல்ஸ் கன்டெய்னர் வந்து சேர்வதற்குள், கிடங்கின் பெரிய கதவு திறந்திருக்க, நல்ல வெயிலில் முடித்துவிட்டேன். சிவப்பு பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் நீ பிரஸ் இயந்திரத்தில் குண்டு பொருத்தினாய். மூன்றாவதில் பிரஸ்ஸின் பிடியை நிறுத்தினாய்.

"குண்டு லேசாப் போகுது. காய்ச்சேக்கை லைட்டை நிப்பாட்டினனீரோ?"

"ஆமா, நிறுத்திட்டுத்தான் செஞ்சேன்."

கீறல் விழுந்த டைலைக் கூட அதைக் காட்டிச் சொல்லித்தான் விற்பவன் நான். அன்று உன் நக்கலுக்குப் பயந்து பொய் சொன்னேன். வேறு காரணம் இல்லை. சர்க்கரையால் உன் விரல் நுனிகள் மரக்கத் தொடங்கியிருந்த காலம். கையை விரித்துப் பார்த்தாய். "அப்ப பிழை என்ர விரல்லைதான்" என்று மீதியையும் பொருத்தி முடித்தாய்.

மலையில் நீ குறிவைத்த ஆண் மான் புதருக்குள் மறைந்தது. ஓடையைக் கடக்க வேண்டும் என்று, பாதுகாப்புக்காகத் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை வெளியே எடுத்தாய். கூடு மட்டும் வந்தது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. மருந்து உள்ளே கொட்டிக் கிடந்தது. அப்போது மான் திரும்பி வந்து, எதிர்க்கரையில் நின்று நம்மைப் பார்த்தது. நீ சுட முடியாத துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாய். நீ எறிந்த கூட்டை நான் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

காரில் திரும்பினோம். மனுகாவ் தாண்டும்போது, "பிரஸ்ஸை நீர் கொண்டுபோம். உணர்வில்லாத கைக்கு இது சரிவராது" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

ஐம்பதாவது கூடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் கழுத்து விரலால் அழுத்தினாலே நசுங்குகிறது.

இப்போது நானும் ஷட்டரை இறக்கி, விளக்கை அணைத்துத்தான் காய்ச்சுகிறேன். டார்ச்சை மூட்டுவதற்கு முன் கண்ணுக்கு எதுவும் தெரியாத ஒரு நொடி உண்டு. நீ வருவது அப்போதுதான்.

"லைட்டை நிப்பாட்டினனீரோ?"

"இல்ல மச்சான். அன்னைக்கு நிறுத்தல. உன் விரல் சரியாத்தான் சொல்லுச்சு."

'ஆமா'வுக்கு நீ சொல்லும் ஒரு 'ஓம்' கேட்குமா என்று கொஞ்ச நேரம் நிற்கிறேன். பிறகு டார்ச்சை மூட்டுகிறேன்.