கூடுவாஞ்சேரிக் கிணறு

செங்கல்பட்டு,
12-8-1976

அன்புள்ள வச்சலாவுக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

கூடுவாஞ்சேரிப் பக்கம் ஓர் ஊர்க் கிணற்றில் தோல் ஆலைக் கழிவு இறங்கியிருந்தது. நேற்று கலெக்டர் உத்தரவோடு போய் ஆலையின் கழிவுக் குழியை மூடவைத்தேன். எல்லோருக்கும் சந்தோஷம். போன மாதம் அந்தத் தண்ணீரால் மகளைப் பறிகொடுத்த ஆராயி என்பவள் மட்டும், "இந்தக் காயிதத்த அப்பவே எட்தாந்திருந்தா எம் பொண்ணு வூட்ல வெளையாடிகினு இருக்குமே, சார்" என்றாள். பரிசோதனை முடிவு வராமல் உத்தரவு போட விதியில்லை. இரண்டு மாதம் காத்திருந்தேன்.

கவலைப்படாதே, நான் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறேன்.

பாப்பாவுக்குச் செருப்பு வாங்க வேண்டும். அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. இரண்டு பாதத்தையும் வரை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்
கங்காதரன்