என் பெயருக்கு நேரே நீ போட்ட பெருக்கல் குறி

நண்பா,

காலையில் அலமாரியை ஒழித்தபோது பழைய பாடப் புத்தகத்திலிருந்து உன் காகிதம் விழுந்தது. கல்கத்தாவில் பல் மருத்துவம் படித்தபோது, கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு நீ எழுதிய பட்டியல். பாஸாகிறவர்களுக்கு டிக், மற்றவர்களுக்குப் பெருக்கல் குறி. வகுப்பில் முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்த எனக்குப் பெருக்கல் குறி!

திருத்தணியிலிருந்து ஒன்றாக ரயிலேறி வந்தவன் இப்படிச் செய்யலாமா என்று இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீயோ சாவகாசமாகச் சொன்னாய்: "மார்க்கெல்லாம் வாங்கிகினுதான் இருக்க. ஆனா நீ கிட்ட போனாலே பேஷண்டு தலைய இழுத்துக்கிறான்டா. இந்த வாட்டி பாஸ் ஆவமாட்ட."

ஊரில் நைனா அதற்குள் என் பெயரெழுதி, கீழே 'பல் வைத்தியர்' என்று போர்டே தயார் செய்துவிட்டார். செய்முறைப் பரீட்சையில் நான் குறடை எடுத்ததும் எனக்கு வாய்த்த நோயாளி, ஒரு பெரியவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று முறை முயன்றேன். பரீட்சை வைத்த டாக்டர் என்னை நகரச் சொல்லிவிட்டார். சான்றிதழ் இல்லாமல் இனித் தொழில் நடத்த முடியாது என்று பேச்சு அடிபட்ட காலம் அது. வீட்டில் போர்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

பாஸாகிவிட்ட நீ கேலி செய்யவில்லை. விடுமுறைக்கு ஊர் திரும்பியதும் மலைக்கோயிலில் மொட்டை போடும் கொட்டகைக்கு என்னை இழுத்துப் போனாய். தாயின் மடியில் ஒரு குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது.

"கத்திய வுடு. அவரு இடது கையப் பாரு" என்றாய்.

மொட்டை போடுகிறவரின் இடது உள்ளங்கை குழந்தையின் தாடையை மெல்ல ஏந்தியிருந்தது. கத்தி படுவதற்குள் குழந்தை அடங்கிவிட்டது. என் இடது கையோ அதுநாள்வரை கோட்டுப் பையில் சுகமாக இருந்திருக்கிறது! ஒவ்வொருவரின் இடது கையையும் பார்த்துத்தான் பட்டியலே போட்டிருக்கிறாய். ஒரு பெயர்கூடத் தப்பவில்லையே, என்ன கண்ணடா உனக்கு!

அந்த விடுமுறை முழுக்க உன் தாடையையே எனக்குப் பழகக் கொடுத்தாய். வாய் வலிக்க வலிக்கத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாய். அடுத்த முறை நான் பாஸானேன். நைனா போர்டைத் திருப்பி மாட்டினார்.

போன மாதம் உன்னைப் பார்க்க வந்தபோது உனக்குப் பேச்சு நின்றிருந்தது. யார் கரண்டியை நீட்டினாலும் முகத்தைத் திருப்புவதாக உன் மகள் அழுதாள். நான் இடது கையால் உன் தாடையை ஏந்திப் பாலைக் கொடுத்தேன்.

நீ தலையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கனம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.