சயாமில் அப்பாவுக்குக் கல் இல்லை

அக்டோபர் 31, வெள்ளி

இரண்டு அநியாயம். ஒன்று, என் அப்பா சவரிமுத்துவை மலாயாத் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் சயாமுக்கு இழுத்துப்போய், ரயில் பாதை போட வைத்துச் சாகடித்தது. இரண்டு, அவர் அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று அவருடைய சொந்தத் தம்பி, என் சித்தப்பா சூசை, ஊரெல்லாம் சொன்னது. முதலாவது அந்நியன் செய்தது. இரண்டாவதைச் செய்தவர் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் வகையறா வரிசையில் சிலுவை நட்டுச் சொகுசாகப் படுத்திருக்கிறார். அப்பாவுக்குக் கல் இல்லை.

விடாத தூறல். ஆத்தா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க முடியவில்லை. மெழுகுவத்தி வாங்கியாயிற்று. சாமந்தி விலை அநியாயம்.

பேத்தி ஜெனி போன். பாங்காக்கில் மேற்படிப்பு. நாளை விடுமுறையாம், கூடப் படிக்கிறவர்களோடு அந்த ரயில் பாலமும் போர் மியூசியமும் பார்க்கப் போகிறாளாம். சுற்றுலா போகிற குரல். உன் பூட்டன் செத்த இடம் என்றேன். தெரியும் என்றாள். அவர் பெயர் இருக்கிறதா பார், இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு மெழுகுவத்தி ஏற்று என்றேன். சரி என்றாள்.

நவம்பர் 1, சனி

காலைப் பூசை. முழங்கால் வலி. சிலிண்டர் இன்றும் வரவில்லை.

மதியம் ஜெனி வீடியோவில் வந்தாள். மியூசியத்துக்குள் நடந்துகொண்டே காட்டினாள். பாதி நேரம் படம் உறைந்து நின்றது. பார்த்தவை: எலும்பும் தோலுமான வெள்ளைக்காரக் கைதிகள். ஒரு சரக்குப் பெட்டி, அதற்குள் எத்தனை பேரை அடைத்தார்கள் என்று விளக்கம். ஒருவன் கஞ்சி குடித்த ஸ்பூன் கண்ணாடிப் பெட்டிக்குள், அவன் பெயரோடு. ஸ்பூனுக்குக்கூட மரியாதை.

நம் ஆட்கள் ஒரே ஒரு படத்தில். கோவணம், தலைத்துண்டு, தோளில் தண்டவாளக் கட்டை. கீழே என்ன போட்டிருக்கிறது, படி என்றேன். ஆசியத் தொழிலாளர்கள். அவ்வளவுதான். பெயர் இல்லை, தமிழன் என்றுகூட இல்லை.

பிறகு எதிரே இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். வெட்டிவிட்ட புல், வரிசையாகப் பூச்செடி, கல்லுக்குக் கல் பெயர், வயது. எல்லாம் சிப்பாய்கள். பெயர் தெரியாத சிப்பாய்க்கும் ஒரு கல். அந்தக் கல்லின் முன்னால் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

"இவரு யாருன்னு யாருக்கும் தெரியாதாம் தாத்தா. பூட்டனா நெனச்சு ஏத்திட்டேன்."

"அது வெள்ளைக்காரப் பட்டாளத்தான். ஒன் பூட்டன் கூலி. அடுத்தவன் தலமாட்டுல ஏத்துனது அவருக்கு எப்புடிச் சேரும்?"

அழுதாள். போனை வைத்துவிட்டாள். சாயங்காலம் மகன் அருள் சண்டைக்கு வந்தான். பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு நாள் லீவு, அதையும் கெடுத்தாயிற்றாம். கெடட்டும். என் அப்பா பேர் தெரியாதவர் இல்லை. பேர் எழுதப்படாதவர்.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

மழை விட்டிருந்தது. பூசையில் இறந்தவர் பட்டியல் வாசித்தார்கள். சித்தப்பா பெயர் வந்தது. அப்பா பெயர் எந்த வருஷமும் வந்ததில்லை. அதைத் தடுத்தவள் ஆத்தா. ஜப்பான் சண்டை முடிந்து மலாயாவிலிருந்து திரும்பிய அன்னவாசல்காரர் ஒருவர், சவரிமுத்து சயாமில் காலராவில் போய்விட்டார் என்று வந்து சொன்னாராம். பொணத்தக் கண்ணால பாத்தியா என்று அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. சித்தப்பாவுக்கு அது வசதியாகப் போயிற்று. பொண்டாட்டியே சாகலைங்கிறா, அப்ப எங்கயோ இருக்கான்தானே என்று பேசித் திரிந்தார்.

கல் வைப்பதற்குப் பங்குச்சாமி தடை சொல்லவில்லை. வகையறாவில் எல்லாரும் சம்மதித்தால் போதும் என்கிறார். எல்லாரும் என்றால் சித்தப்பா மகன் மிக்கேல் ஒருவன்தான். அவன் தகப்பன் கல்லறையில் பூ அடுக்கிக்கொண்டிருந்தான். கண்டதும் இளிப்பு.

"என்னண்ணே, மியூசியத்துல பெரியப்பா கெடச்சாரா?"

ஜெனி அனுப்பிய படத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். ரொம்ப நேரம்.

"இதுல எவருண்ணே பெரியப்பா?"

"எவரா வேணாலும் இருக்கட்டும். குடித்தனம் நடத்துறவன் ஒடம்பா இது?"

போனைத் திருப்பிக் கொடுத்தான். சம்மதம் என்றும் சொல்லவில்லை. விலா எலும்பைப் பார்த்தும் சொல்லவில்லை.

மாலை ஜெனியிடமிருந்து குரல் செய்தி. மற்றவர்கள் நேற்றே பாங்காக் திரும்பிவிட்டார்கள். இவள் மட்டும் தங்கி, மியூசியத்துக்காரரிடம் தொழிலாளர்களை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டிருக்கிறாள். ஒரு புத்தர் கோவிலைக் காட்டினாராம். குவியலாகக் கிடைத்த எலும்புகளை அங்கே ஒன்றாகப் புதைத்து மேலே ஒரு கல். பெயர்கள் இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்:

"நீங்க திட்டுனதுல இன்னும் கோவந்தான் தாத்தா. ஆனா இங்க வந்து நின்னப்ப, நீங்க சொன்னது வெளங்கிருச்சு. மெழுகுவத்தி நிக்கல, காத்து. அதனால பேரச் சொன்னேன். சவரிமுத்து, சவரிமுத்துன்னு சத்தமா. ஒரு சாமியார் திரும்பிப் பாத்தாரு. அவரும் சொல்லிப் பாத்தாரு, வாயில நொழையல."

திரும்பத் திரும்பக் கேட்டேன். சாப்பிட்டாயா என்று மட்டும் பதில் அனுப்பினேன்.

நவம்பர் 3, திங்கள்

வெயில். சிலிண்டர் வந்தது. செய்ய வேண்டியவை:

அருள்: கீரனூர் போய்க் கல்லுக்குச் சொல்வது. சித்தப்பா கல்லைவிட ஒரு விரல்கூடச் சின்னதாக இருக்கக் கூடாது.

கல்லில்: பெயர், ஊர், சயாம் ரயில் பாதையில் இறந்தார். இறைவனில் துயில்கிறார் என்று எழுதக் கூடாது. துயிலவில்லை.

ஜெனி: மியூசியத்துக்கு இங்கிலீஷில் எழுதிக் கேட்பது. பெயர் போட முடியாவிட்டால் தமிழர் என்றாவது போடட்டும்.

பங்குச்சாமி: இந்த நவம்பர் முடிவதற்குள் ஒரு பூசையில் பெயர் வாசிப்பது.

மிக்கேல்: சம்மதம். அதோடு, பூசை முடிந்து வாசலில் நாலு பேர் முன்னால், தன் தகப்பன் சொன்னது பொய் என்று சொல்வது. அதுவரை அவன் வீட்டில் பச்சைத்தண்ணீர் தொடமாட்டேன்.

ஆத்தாவிடம், அவர் இனி வரமாட்டார் என்று சொல்வது: நான்.