பறக்காத தேனீக்கள்

வெள்ளாயணி
அக்டோபர் 19

அன்புள்ள வன்னியராஜ் அண்ணனுக்கு அனுஷா எழுதுவது. நான் நலம். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். தோட்டத்துப் பேச்சை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய். அதனால் மஸ்கட்டுக்குத் திரும்பும் ரதீஷிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அனில் முதலாளியின் வாழைத்தோட்டம் இப்போது நட்புப் பூச்சிகளின் தோட்டம். தேனீக்களும், கெட்ட பூச்சியைத் தின்னும் பூச்சிகளும் வந்து தங்குவதற்காகக் கிணற்றடி வரப்பு முழுக்கச் செண்டுமல்லி, துளசி, தட்டப்பயறு நட்டிருக்கிறார். மூங்கில் குழாய்களை அடுக்கிக் குளவிகளுக்கு ஒரு வீடு, மேலே புது ஓலை. நாம் குடியிருக்கும் ஷெட்டுக்கு நாலு வருஷமாகக் கேட்ட ஓலை அது.

வரப்பின் நடுவில் பத்தடி நீளத்துக்குப் பூக்கள் மிகச் செழிப்பு. அங்கே உட்காரும் தேனீக்கள் எழுந்து போவதில்லை. காலையில் பார்த்தால் பூவைப் பிடித்தபடியே இருக்கின்றன, தொட்டால் உதிர்கின்றன. கீழே பொறிவண்டுகள் மல்லாந்து கிடக்கின்றன. இழுத்துப்போக ஓர் எறும்புகூட வருவதில்லை. மூங்கில் வீடு காலி. காற்றடித்தால் குழாய்கள் மட்டும் ஊதுகின்றன.

முதலாளி படமெடுக்க வந்தார். "கண்டோ அனுஷே, ஒண்ணுகூட அனங்கல. நல்ல போஸ்!" என்று அசையாத தேனீக்களைக் காட்டிச் சிரித்தார். அந்தப் படம்தான் இப்போது ரோட்டோர போர்டில்.

அவருக்கா தெரியாது? போன வருஷம் சோதனைக்கு ஆள் வருகிறது என்றதும், தடை செய்த குருணைப் பூச்சிமருந்தைச் சாக்கோடு வரப்பில் புதைக்கச் சொன்னவர் அவர். புதைத்தவன் நீ. அடுத்த மாதமே உனக்கு விசா வந்தது.

துலா மழை தொடங்கியதும் கிணற்றில் தவளைச் சத்தம் நின்றுவிட்டது. அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. எச்சில் தலையணையை நனைக்கிறது. டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, மருந்தடிக்கிற வேலையா என்று கேட்டார். இல்லை என்றாள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம் என்றால், "மொதலாளி கெணத்தக் குத்தம் சொன்னா ஷெட்ட ஒழியச் சொல்லுவாரு, சும்மா கெட" என்கிறாள். நான் குழாயில் பிடித்துவரும் குடம் அப்படியே இருக்கிறது. வாளிக் கயிற்றை அறுத்துப் போட்டேன். மறுநாளே முதலாளி புதுக்கயிறு கட்டித் தந்தார்.

அந்தப் பத்தடியில் மூன்று குழி தோண்டினேன். சாக்கு இல்லை, ஒரு மண்புழுகூட இல்லை. நான்காவது குழி தோண்டுவதற்குள் முதலாளி மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். பூச்சிகளின் இடத்தைத் தொந்தரவு செய்யக்கூடாதாம்.

புகார் கொடுக்கப் போகிறேன். இடத்தைக் காட்டினால்தான் நம்புவார்கள். உன் பெயரும் வரும். வரட்டும். எத்தனை சாக்கு, எவ்வளவு ஆழம், கிணற்றிலிருந்து எத்தனை எட்டு என்று மட்டும் எழுது. ரதீஷ் கையில் கடிதம் வேண்டாம், போனிலேயே அனுப்பு. இது கிடைத்த அன்றைக்கே.

நான் எழுதுவதைப் பார்த்து அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். அங்கே உனக்குக் குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்கிறதா என்று கேட்டு எழுதச் சொல்கிறாள்.

உன் தங்கை,
அனுஷா