ஒளிந்தவரைக் காட்டிக்கொடுக்காதவள்

அண்ணே,

நேற்று லத்தா கடைத்தெருவில், பழைய சி.டி.க்களைக் குவித்து விற்பவனிடம் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் கிடந்தது. கொள்ளைநோயோடு கப்பலிலிருந்து இறங்கித் துறைமுகத்தில் ஒளிந்துகொள்பவனை, ஊர் சாவதற்குள் ஒரு டாக்டர் தேடி அலையும் கதை. அட்டையைப் பார்த்ததுமே கவிழ்த்து வைத்தேன். வாங்காமல் வந்துவிட்டேன்.

போட்டாதாங் பேட்டையில் உங்கள் நாலாம் மாடி வீட்டில் அதை எத்தனை முறை போட்டுக் காட்டியிருப்பீர்கள்! துறைமுகத்திலேயே வேலை பார்த்தவர் அல்லவா, அந்தக் கிடங்கு இருட்டெல்லாம் உங்களுக்குச் சொந்த வீடு மாதிரி. எப்போதும் நீங்கள் ஓடுகிறவன் கட்சிதான். "பாவம்மா, பயந்துட்டான்" என்பீர்கள்.

"பயந்தா ஊரையே கொல்லலாமா அண்ணே? நானா இருந்தா அன்னிக்கே புடிச்சுக் குடுத்திருப்பேன்."

பெரிய வீராங்கனை நான்.

பிறகு கொரோனா வந்து தெருவை அடைத்தார்கள். மருந்து வேண்டிய வீடுகள் வாசலில் வெள்ளைத் துணி கட்டின. உங்களுக்குக் காய்ச்சல் கண்ட காலையில், தரைத்தளத்து வீட்டுக்காரியான நானும் நம் வாசலில் தலையணை உறையைக் கிழித்துக் கட்டினேன். பால்கனியிலிருந்து கத்தினீர்கள்.

"அவுத்துரும்மா! முகாமுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. தனியா சாகச் சொல்றியா? யார்கிட்டயும் சொல்லாத, கெஞ்சிக் கேக்குறேன்."

அவிழ்த்துவிட்டேன். நீங்கள் கதவை உள்ளே பூட்டிக்கொண்டீர்கள். மேலே வர எனக்கும் பயம். சாமான் ஏற்றுவதற்கு எல்லா மாடியிலிருந்தும் தொங்குமே, அந்தக் கயிற்றில் கஞ்சியும் மாத்திரையும் கட்டிவிட்டேன். இரண்டு நாள் மெதுவாக இழுத்துக்கொண்டீர்கள்.

மூன்றாம் நாள் மதியம் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஆக்சிஜன் சிலிண்டரோடு வந்தார்கள். வெள்ளைத் துணி தொங்கிய வாசல்களில் மட்டும் நின்றார்கள். கொடுத்த வாக்கு வாயைக் கட்டிப்போட, நான் ஜன்னலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை கட்டிய கஞ்சி மேலே போகவில்லை. கதவை உடைத்தபோது நீங்கள் உயிரோடு இல்லை.

இத்தனை வருடம் ஆகியும் அந்த ஜன்னலை விட்டு என்னால் வெளியே வர முடியவில்லை. உங்கள் மேல் கோபமும் உண்டு.

போன மாதம் மூன்றாம் மாடி அம்மா டோ கின், உடம்பு நெருப்பாய்க் கொதிக்க, யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தெருவுக்கே கேட்கும்படி கத்தி டாக்டரை வரவழைத்தேன். பிழைத்துவிட்டார். இப்போது படிக்கட்டில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

நீங்களும் அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்க வேண்டும், அண்ணே.