பன்னிரண்டாவது பெயர்

என் தங்கமே, அம்மணி பாவாயீ,

நீ போய் ஆறு மாசம் ஆகிறது. இங்கே எல்லோரும் சுகம். உன் புருஷனுக்கு ஆத்தூர்ப் பக்கம் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். தையில் கல்யாணம். பத்திரிகையில் என் பேரும் இருக்கிறது, எம்.எல்.சி. பட்டத்தோடு.

சட்டசபையில் நான் முதன்முதலில் எழுந்து நின்ற கதையை உன்னிடம்தானே வந்து சொன்னேன்? கடைசி வரிசை என்னுடையது. எங்கள் ஆசுபத்திரியில் மருத்துவச்சி இல்லை, பிரசவத்தில் பெண்கள் சாகிறார்கள், சர்க்காருக்குத் தெரியுமா என்று கேட்டேன். மந்திரி சாவகாசமாக எழுந்தார். கிராமத்து மரணப் பதிவேட்டில் அப்படி ஒரு சாவும் இல்லை, எல்லாம் சுரம்தான் என்றார். "கனம் அங்கத்தினர் ஒரு பேராவது சொல்லலாமே?"

எங்கள் மேற்கு வீட்டில் பிரசவத்தில் செத்தவளை நினைத்து, நான் "மேக்காலூட்டு மருமக" என்றேன். சபை குலுங்கிச் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? பத்து வருஷம் அவள் கையால் மோர் வாங்கிக் குடித்தவன், அவள் பேரை ஒருநாளும் கேட்டதில்லை.

நீ சிரிக்கவில்லை. அப்போது உனக்கு ஐந்து மாசம். "ஏனுங்கண்ணா, செத்தவ பேருகூடத் தெரியாமயா எந்திரிச்சு நின்னீங்க? மந்திரியக் கேக்கறதுக்கு முந்தி உங்களையல்ல கேக்கோணும்!" என்று என் மூஞ்சிக்கு நேரே கேட்டாய். மறுநாளே கிளம்பிவிட்டாய். வெண்ணந்தூர்ச் சந்தைக்கு வரும் பெண்களை மடக்கிக் கேட்டாய், ஊடு ஊடாக ஏறி இறங்கினாய். பதினோரு பெண்கள். பேர், ஊர், எத்தனையாவது பிள்ளை, எத்தனை நாள் கத்தினாள், எல்லாம் எழுதி என் கையில் கொடுத்தாய். அதை நான் சபைக்கு அனுப்புவதற்குள் உனக்கு வலி எடுத்துவிட்டது.

இரண்டு நாள் கத்தினாய். பிள்ளை குறுக்கே கிடந்தது. வண்டி கட்டி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனால், "பொம்பளை கேசு நான் தொடக்கூடாதுங்க" என்று கம்பவுண்டர் கதவோரம் ஒதுங்கி நின்றான். திரும்பி வரும் வழியிலேயே நீயும் போனாய், பிள்ளையும் போச்சு.

கிராம முனிசீப் மரணப் பதிவேட்டோடு வந்தார். உன் மாமியார் என் காலைக் கட்டிக்கொண்டாள். "புள்ளத்தாச்சியாப் போனவ ஊட்டுக்கு எவன் சாமி பொண்ணு குடுப்பான்? நாளைக்கு யாராச்சும் கேட்டா காயிதம் பேசோணும். சுரம்னு சொல்லிப்போடு சாமி." உன் உடம்பு இன்னும் ஆறவில்லை. நான் தலையாட்டினேன். சுரம் என்று எழுதினார். தகவல் சொன்னவர் என்ற இடத்தில் என் பேரையும் பட்டத்தையும் அழகாக எழுதிக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன் அம்மணி? உனக்காவது தெரியுமா?

கேள்வியோடு பட்டியலையும் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும் என்பது சபை விதி. உன் பேரையும் கடைசியில் சேர்த்துக் கொடுத்தேன். சபையில் கேள்வி வந்த அன்றைக்குப் பன்னிரண்டு பேரையும் வாசித்தேன். உன் பேர் வந்ததும் சபை கப்சிப் ஆகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

மந்திரி ஒரு காகிதத்தைப் பிரித்தார். "பன்னிரண்டாவது அம்மாள் சுரத்தில் இறந்ததாக அங்கத்தினரே கையெழுத்திட்டிருக்கிறார். பொய் சொன்னது அங்கேயா, இங்கேயா?"

நீ வயிற்றைத் தூக்கிக்கொண்டு சேர்த்த பதினோரு பேரையும் நம்பமுடியாது என்று தள்ளிவிட்டார்கள். மருத்துவச்சிக்கு அவசியமில்லை என்று எழுத்திலேயே பதில் வந்துவிட்டது. மேக்காலூட்டு மருமகளுக்குச் செல்லாயி என்று பேர். நீ கண்டுபிடித்துக் கொடுத்தது. அவளையும் நானேதான் இரண்டாந்தரம் கொன்றேன்.

வரப்போகிற பெண்ணுக்குப் பதினாறு வயசாம். அவளுக்கு வலி வந்தாலும் அதே ஆசுபத்திரிக்குத்தான் வண்டி கட்டுவார்கள். அங்கே மருத்துவச்சி இருக்கமாட்டாள், என் புண்ணியத்தில்.

நாளைக்கு ஆத்தூர் பஸ் ஏறுகிறேன். அவள் தகப்பனாரிடம் நீ எப்படிச் செத்தாய் என்று சொல்லப்போகிறேன். உன் மாமியார் வீட்டில் உடனே என் கையெழுத்துள்ள அந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள். அவர் அதைப் பார்ப்பாரா, என் முகத்தைப் பார்ப்பாரா? அடித்து விரட்டினாலும் முகூர்த்தத்தன்று பந்தலில் நின்று மறுபடி சொல்வேன். இது சத்தியம் பாவாயீ. என்னைப் பொய்யன் என்று என் கையெழுத்தே சொல்லும், சொல்லட்டும்.

உன்னோடு கூடப்பிறந்த பாவி,
அண்ணன்