சாமியார்பேட்டைக்கு நேரே ஏழு புள்ளிகள்

தோளில் கை போடாமல் என்னோடு ஒருநாளும் பேசியிராத என் மாமாவுக்கு,

நவம்பர் 12, புதன்கிழமை, காலை 9.40. திரையில் ஏழு புள்ளிகள். ஏழும் நீங்கள்தான்.

இப்படி எழுத எனக்கே எரிச்சலாக இருக்கிறது. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான், உங்களுக்குத் தெரியும். ஆனால் இதை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்ல?

மார்ச் மாதம் கடலில் நம் அலுவலக மிதவையைப் பழுது பார்க்கப் போன உங்கள் படகு கவிழ்ந்தது. கூட வந்த இருவரும் நீந்திப் பிழைத்தார்கள். நீங்கள் கிடைக்கவில்லை. அன்றைக்கே கணினியில் அந்த இடத்தில் ஆயிரம் புள்ளிகள் போட்டேன். யார் காணாமல் போனாலும் செய்கிற வேலைதான். கடலூர்க் கரை மணலில் நீங்கள் நட்ட ரேடார் ஆன்டெனாக் கம்பங்கள், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் கடல் மேல் நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மணிக்கொரு தரம் சொல்கின்றன. அந்த ஓட்டத்தில் புள்ளிகள் நகரும். எங்கே நெருங்கிச் சேர்கின்றனவோ அங்கே ரோந்துப் படகு தேடப் போகும். உங்களைத் தேடவும் உங்கள் கம்பங்களைத்தான் நம்பினோம்.

சில நாளில் தேடலை நிறுத்தினார்கள். உங்கள் மனைவியிடம், என் அக்காவிடம், அதை யாரும் சொல்லவில்லை. மஞ்சக்குப்பத்தில் காய்கறிக் கடையில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் அவளுக்கே தெரிந்தது. நேராக அலுவலகத்துக்கு வந்தாள். திரையைக் காட்டி அதெல்லாம் என்ன என்று கேட்டாள். மாமா போயிருக்கக்கூடிய இடங்கள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கணக்கை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை. புள்ளிகள் வடக்கே போய்க்கொண்டே இருந்தன. அங்குள்ள ரேடார் நிலையங்களும் நம் கணக்கில் சேர்ந்தவை அல்லவா, ஒன்று விட்டால் அடுத்தது பிடித்துக்கொண்டது. ரேடார் பார்க்கும் எல்லையைத் தாண்டி நடுக்கடலுக்குப் போனவை ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து விழுந்தன. அக்கா தினமும் காலையில் போன் செய்வாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தப் புள்ளிகளுக்கு அர்த்தமே இல்லை, ஆள் வேறு தண்ணீர் வேறு என்று எத்தனையோ தரம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிடா. இன்னிக்கி மாமா எங்க இருக்காரு?” என்பாள்.

சிதம்பரத்துப் பள்ளிக்கூட வேலைக்கு அவள் போகவில்லை. புவனகிரியிலிருந்து உங்கள் அண்ணன் கருமாதி பற்றிப் பேச வந்தபோதெல்லாம் காபி கொடுத்து அனுப்பிவைத்தாள். வர்றவருக்கு எதுக்குக் கருமாதி என்று கேட்டாளாம். காய்கறிக்காரரிடம், நீங்கள் நெல்லூர் தாண்டிவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். அவர் என்னை வழியில் நிறுத்தி, நெல்லூரில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார். 

அக்டோபரில் நீரோட்டம் திரும்பியது. வருஷா வருஷம் திரும்புவதுதான், பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனாலும் எஞ்சிய ஏழு புள்ளிகளும் ஓரிடத்தில் தயங்கி நின்று, பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் தெற்கே திரும்பியதைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பக்கத்து நாற்காலி நாசர், “மச்சான், ஒங்க மாமா லீவு முடிஞ்சி டூட்டிக்கி வர்றாரு போலகீது” என்றான். சொன்னவனே சிரிக்கவில்லை. அன்று மாலையே அவன் நாற்காலியைத் திரைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு அக்கா என்னிடம் கேட்பதில்லை. அவளே சொன்னாள். நாளைக்கு மகாபலிபுரம், நாளை மறுநாள் புதுச்சேரி. திரையில் அப்படியே நடந்தது. அவளிடம் கணினி கிடையாது. நான் எதுவும் சொல்லவில்லை, நாசரும் சொல்லவில்லை. எப்படித் தெரிந்தது மாமா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதற்கிடையில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. புயலானால் ஒரே நேரத்தில் பல தேடல் கணக்கு ஓட வேண்டும், பழைய கணக்கை நிறுத்து என்றார் பெரிய சார். அவர் சொன்னது சரி. உயிரோடு தத்தளிக்கிறவனுக்குத்தான் முதல் இடம். சரி சார் என்றேன். விசைப்பலகையில் கை வைத்தேன். அழுத்தவில்லை.

ஏழு புள்ளிகளும் கடலூருக்குத் தெற்கே, சாமியார்பேட்டைக்கு நேரே வந்து நின்றுவிட்டன. சில நாளாக அசைவே இல்லை. கரையைப் பார்த்து வரிசையாக ஆட்கள் நிற்பதுபோல. காரணம் உங்களுக்குத் தெரியும். திசையை அறிய இரண்டு நிலையங்கள் இரண்டு கோணத்தில் பார்க்க வேண்டும். கரையோரத்தில் இரண்டு பார்வையும் ஒரே கோட்டில் விழுந்துவிடும். அந்தப் பட்டை ரேடாருக்குக் குருடு. உள்ளே வந்த புள்ளி நகர வழியில்லாமல் அப்படியே உறைந்துவிடும். காரணம் தெரிந்தும் என்னால் திரையைத் தொடர்ந்து பார்க்க முடியவில்லை.

இன்று காலை அக்கா வந்தாள். என் பின்னால் நின்று பார்த்தாள்.

“ஏன்டா நிக்கிறாரு?”

“நிக்கலக்கா. அந்த எடத்துக்கு மேல ரேடாருக்குத் தெரியாது.”

“ஒன் மிஷினுக்குத்தான தெரியாது? இவ்ளோ தூரம் வந்தவருக்கு வூட்டுக்கு வழி தெரியாதா?”

“அக்கா, சும்மா இரு.”

“வந்துட்டாருடா. நாமதான் போய்க் கூப்புடணும்.”

புத்தி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் புவனகிரிக்கு, உங்கள் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். குரலில் நடுக்கமே இல்லை.

“மாமா, நாளைக்கிக் காலையில சாமியார்பேட்டைக்கி வந்துடுங்க. அய்யருகிட்ட சொல்லிடுங்க. அவருக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சி அனுப்பிடலாம்.”

போனை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை மாதத்தில் அவள் அழுது நான் பார்ப்பது இதுதான் முதல் தரம். நாசர் எழுந்து கதவைச் சாத்தினான்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை விடிந்ததும் அக்காவை வண்டியில் சாமியார்பேட்டைக்கு அழைத்துப்போவேன். வழியில் வாயே திறக்க மாட்டேன்.

2. காரியம் முடிந்து அவள் கடலில் தலை முழுகிக் கரையேறிய பிறகுதான், கணக்கை நிறுத்தச் சொல்லி நாசருக்குப் போன் செய்வேன். அதுவரை பெரிய சார் திட்டட்டும்.

3. புயலுக்கான தேடல் கணக்கை மத்தியானத்துக்குள் தயார் செய்வேன்.

4. அந்தக் குருட்டுப் பட்டையைப் பார்க்க இன்னொரு நிலையம் வேண்டும் என்று எழுதிக் கேட்பேன். தரும்வரை விட மாட்டேன்.

5. இனி யாரைத் தேடுவதை நிறுத்தினாலும், அவர்கள் வீட்டுக்கு நானே போய், உள்ளே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு மாமா.

அக்காவுக்குத் தம்பி,
உங்களுக்கு எப்போதும் மச்சான்,
முரளி